கரிசல் மண்ணில் ஏன் அழுகுகிறது பிலோடென்ட்ரான்?

“மகளிர் குழுக் கடனில், கேரளாவில் இருந்து 60 பிலோடென்ட்ரான் செடிகளை வாங்கி வந்தேன். செடி ஒன்று 90 ரூபாய். வளர்த்து, கொடியை வெட்டிப் பதியம் போட்டு, கோவில்பட்டியில் விற்கலாம் என்று திட்டம். வந்த மறுநாளே எல்லாவற்றையும் பெரிய சிமென்ட் தொட்டிகளுக்கு மாற்றினேன். எங்கள் தோட்டத்துக் கரிசல் மண்ணும் மாட்டுச் சாணமும்தான் போட்டேன். காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன். மூன்று வாரத்தில் 22 செடிகள் போய்விட்டன. மற்றதிலும் அடி இலைகள் மஞ்சளாகின்றன. உரம் போதவில்லையா? அடுத்த மாதத்தில் இருந்து தவணை கட்ட வேண்டும். மீதியையாவது காப்பாற்ற முடியுமா?”

- கோவில்பட்டி பகுதி வாசகி

உரம் போதாமல் இல்லை. இப்போது உரம் கொடுத்தால் மீதி 38-ம் சீக்கிரமே போய்விடும். முதல் வேலையாகத் தண்ணீரை நிறுத்துங்கள். தண்டின் அடிப்பகுதி கெட்டியாக இருக்கும் செடிகளைக் காப்பாற்றிவிடலாம். அடி கொழகொழவென்று ஆகிவிட்ட செடியிலும், மேலே பச்சையாக ஒரு கணு இருந்தால் அதில் இருந்து புதுச் செடி எடுக்கலாம்.

என்ன தவறு நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள, இந்தச் செடி எங்கே பிறந்தது என்று பார்க்க வேண்டும். பிலோடென்ட்ரான் குடும்பத்தின் சொந்த ஊர் தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகளின் மழைக்காடுகள். ஷாட் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர் 1829-ல் இந்தப் பெயரைச் சூட்டினார். கிரேக்க மொழியில் ‘மரத்தை நேசிப்பது’ என்று அர்த்தம். பெயருக்கு ஏற்றபடி, நீங்கள் வாங்கியிருக்கும் இதய வடிவ இலை உள்ள கொடி வகை, காட்டில் மரத்தைப் பற்றிக்கொண்டு மேலே ஏறும். அதன் வேர் பெரும்பாலும் மரப்பட்டையிலும், பட்டை இடுக்கில் சேர்ந்த மட்கிய இலைகளிலும்தான் ஓடும். மழை பெய்தால் நனையும். அடுத்த சில மணி நேரத்தில் தண்ணீர் வடிந்து, வேருக்குக் காற்று கிடைத்துவிடும். ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். இரண்டில் காற்று நின்றால்தான் சீக்கிரம் சாகும்.

கரிசல் மண் இதற்கு நேர் எதிர். பருத்திக்கும் கம்புக்கும் சோளத்துக்கும் அந்த மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது வரம். தொட்டிக்குள் அதுவே சாபம். நனைந்தால் களியாகி வேரை மூடிக்கொள்ளும். காய்ந்தால் சுருங்கி, தொட்டியின் ஓரத்தில் இடைவெளி விட்டு, கூடவே வேரையும் அறுத்துக்கொண்டு வெடிக்கும். அதோடு பச்சைச் சாணம். தொட்டிக்குள் சாணம் மட்கும்போது சூடு உண்டாகும், மண்ணில் இருக்கும் கொஞ்சம் நஞ்சம் காற்றையும் அது எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் தினமும் இரண்டு வேளை தண்ணீர்.

தொட்டி பெரிதாக இருந்ததும் ஒரு காரணம். ‘பெரிய தொட்டியில் வைத்தால் பெரிதாக வளரும்’ என்று பலரும் நினைக்கிறார்கள். கைப்பிடி அளவு வேர் உள்ள செடியை ஒன்றரை அடித் தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத மண்ணில் உள்ள ஈரத்தை உறிஞ்ச ஆள் இல்லை. அந்த ஈரம் நாள்கணக்கில் நிற்கும். அழுகல் பூஞ்சணத்துக்கு அதைவிட நல்ல இடம் வேண்டாம். பழைய தொட்டியைவிட 2 அங்குலம் அகலமான தொட்டி போதும். 4 அங்குலத்தில் இருந்தால் 6 அங்குலத்துக்கு மாற்றலாம். அவ்வளவுதான்.

இன்னொன்று, வந்த மறுநாளே மாற்றியது. கேரளாவின் ஈரக்காற்றில் நிழல்வலைக்குள் வளர்ந்த செடி, வண்டியில் குலுங்கி, கரிசல் காட்டு வெயிலுக்கு வந்திருக்கிறது. பத்து, பதினைந்து நாள்கள் அதே பையோடு நிழலில் வைத்துப் பழக்கியிருக்க வேண்டும். இனி எப்போது வெளியூர்ச் செடி வாங்கினாலும் இதை மறக்காதீர்கள்.

இப்போது என்ன செய்வது? ஒரே நாளில் 38 செடிகளையும் பிரிக்க வேண்டாம். மோசமாக இருப்பவற்றில் தொடங்கி, நாளுக்கு ஏழெட்டு என்று செய்யுங்கள். மாலை நேரம் நல்லது. செடியின் தண்டைப் பிடித்து இழுக்காமல், மண்ணை ஓரமாகத் தோண்டி வேர்ப் பந்தோடு தூக்குங்கள். ஒட்டியிருக்கும் களியைத் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ, அழுத்தினால் கெட்டியாக இருக்கும். அழுகிய வேர் கறுத்து, விரலில் உருவினால் தோல் கழன்று நூல் மட்டும் மிஞ்சும், நாற்றமும் வரும். அந்த வேர்களைச் சுத்தமான கத்தியால் வெட்டி எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு செடிக்கும் கத்தியைத் தீயில் காட்டியோ டெட்டால் தொட்டுத் துடைத்தோ பயன்படுத்த வேண்டும். இதைச் செய்யாவிட்டால் கத்தியே நோயைப் பரப்பும்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் சூடோமோனாஸ் கலந்து, அதில் வேரை 20 நிமிடம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் நிழலில் உலர்த்தி, பிறகு நடலாம். வேர் பாதி போய்விட்ட செடிக்கு இலையிலும் பாதியைக் குறைக்க வேண்டும். மனசு வராதுதான். ஆனால், எல்லா இலைக்கும் தண்ணீர் ஏற்றித் தர, இருக்கிற வேரால் முடியாது.

மண் கலவைக்கு உங்கள் ஊரிலேயே பொருள் கிடைக்கும். கழுவிய தென்னை நார்க்கழிவு 2 பங்கு, கட்டை விரல் அளவுக்கு வெட்டிய தேங்காய் மட்டைத் துண்டு 1 பங்கு, நன்றாக மட்கிய மண்புழு உரம் 1 பங்கு, பெருமணல் அல்லது உடைத்த அடுப்புக்கரி 1 பங்கு. கரிசல் மண் ஒரு பிடி கூட வேண்டாம். நார்க்கழிவைக் கட்டியாக வாங்கினால், 5 கிலோ கட்டி தண்ணீரில் ஊறி 60 முதல் 75 லிட்டர் வரை உப்பும். அதை அப்படியே பயன்படுத்தக் கூடாது. நாரில் உப்பு இருக்கும். இரண்டு, மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, வடித்த பிறகே கலக்க வேண்டும். மட்டைத் துண்டுகளையும் ஒரு நாள் ஊறப்போட்டுத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கலவைக்கு 100 கிலோவுக்கு 1 கிலோ என்ற கணக்கில் டிரைக்கோடெர்மா விரிடி சேர்த்து, ஈரச்சாக்கு போட்டு மூடி, ஒரு வாரம் நிழலில் வைத்தால் இன்னும் நல்லது. செடி அதுவரை தாங்காது என்றால் காத்திருக்க வேண்டாம்.

கலவை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை. தொட்டியில் நிரப்பித் தண்ணீர் ஊற்றுங்கள். அரை நிமிடத்துக்குள் அடியில் சொட்ட ஆரம்பிக்க வேண்டும். மேலே குளம் கட்டி நின்றால் இன்னும் கரியோ மட்டைத் துண்டோ தேவை.

தொட்டியில் மூன்று, நான்கு துளைகள் இருக்க வேண்டும். துளையின் மேல் ஓர் ஓட்டுச்சில்லை வைத்தால் போதும். அடியில் நான்கு விரல் உயரத்துக்கு ஜல்லி போடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதனால் வடிகால் கூடுவதில்லை. நுண்மண்ணில் இருக்கும் தண்ணீர், அந்த மண் முழுவதும் நனைந்து நிறைந்த பிறகுதான் ஜல்லிக்குள் இறங்கும். ஆக, ஜல்லி போட்ட உயரத்துக்கு ஈர மண்டலம் மேலே ஏறி, வேருக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

நடும்போது, முன்பு எவ்வளவு ஆழத்தில் இருந்ததோ அதே ஆழம். தண்டைப் புதைத்தால் அழுகும். மண்ணை அழுத்தி மிதிக்க வேண்டாம். தொட்டியை இரண்டு முறை தரையில் தட்டினால் தானாக இறங்கும். மேலே ஓர் அங்குலம் இடம் விடுங்கள். கணுக்களில் தொங்கும் காற்று வேர்களை வெட்டாதீர்கள். மண் எட்டும் தூரத்தில் இருந்தால் மண்ணுக்குள் செலுத்திவிடலாம். நட்டதும் ஒரு முறை நன்றாகத் தண்ணீர் விட்டு, வடிந்ததும் நிழலில் வையுங்கள்.

அடுத்த பத்து, பதினைந்து நாள்கள் செடி வாடியது போலத்தான் இருக்கும். மாற்றும்போது முடி போன்ற சிறு வேர்கள் அறுபடும். தண்ணீரை உறிஞ்சுவது அவைதான். மண் ஈரமாக இருந்தும் செடி வாடுவது அதனால்தான். இதைப் பார்த்துப் பயந்துபோய் மறுபடியும் தண்ணீர் ஊற்றும் இடத்தில்தான் பாதிச் செடிகள் சாகின்றன. விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் ஊற்றக் கூடாது. காய்ந்திருந்தால் அடியில் வடியும் வரை ஊற்ற வேண்டும். அரை டம்ளர், கால் டம்ளர் என்று தினமும் தெளிப்பதைவிட இது நல்லது. நாள் கணக்கு வைத்து ஊற்ற வேண்டாம். ஐப்பசியில் வாரம் ஒரு முறை போதுமானதாக இருக்கும். சித்திரையில் இரண்டு நாளுக்கு ஒரு முறை கேட்கும். விரல் சொல்வதுதான் கணக்கு.

புது இலை ஒன்று விரிந்த பிறகே உரம். அதற்கு நான்கில் இருந்து ஆறு வாரம் ஆகும். அதன்பிறகு மாதம் ஒரு முறை தொட்டிக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். பஞ்சகவ்யா கொடுப்பதானால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி. விற்பனைக்கு வைத்திருக்கும் செடிக்கு வாசனை வரக் கூடாது என்றால் 19:19:19 உரத்தை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து 15 நாளுக்கு ஒரு முறை ஊற்றலாம்.

உங்கள் பகுதியில் இரண்டு விஷயங்கள் எப்போதும் தொல்லை தரும். ஒன்று, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு. இலை நுனி காய்ந்து, தொட்டி ஓரத்தில் வெள்ளைப் படிவு வந்தால் அதுதான் காரணம். மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்து இந்தச் செடிகளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். முடியாதபோது, மாதம் ஒரு முறையாவது மழைத் தண்ணீரை நிறைய ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள். ஆர்.ஓ. இயந்திரத்தில் கழிவாக வெளியேறும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுகிறார்கள். அதில் உப்பு இன்னும் அதிகம். பாத்திரம் கழுவப் பயன்படுத்துங்கள்.

மற்றொன்று, வெயிலும் வறண்ட காற்றும். 18 முதல் 30 டிகிரி வரை இந்தச் செடிக்குச் சுகம். பங்குனி முதல் ஆனி வரை உங்கள் ஊரில் அதைத் தாண்டித்தான் இருக்கும். வேப்ப மர நிழலில் 50 சதவிகித நிழல்வலை கட்டி, மேற்குப் பக்கம் சாக்குப் படுதா தொங்கவிட்டு, தரையில் மணல் பரப்பி மணலை மட்டும் நனைத்துவையுங்கள். தொட்டிகளை நெருக்கமாக வைத்தால் ஒன்றின் ஈரம் மற்றொன்றுக்கு உதவும். காலை 9 மணி வரை இளம்வெயில் பட்டால் பரவாயில்லை. சிமென்ட் தளத்தில், மேற்கு பார்த்த சுவரோரத்தில் வைக்கவே வேண்டாம். தொட்டி மாற்றும் வேலையைக் கோடையில் தொடக் கூடாது. ஆடி முதல் தை வரை வசதி. ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாள்களை மட்டும் தவிர்க்கவும்.

இனி, பெருக்கும் வேலை. கரும்பில் கணு இல்லாத துண்டு முளைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். இதுவும் அப்படித்தான். வெறும் இலையைக் காம்போடு கிள்ளித் தண்ணீரில் வைத்தால், மாதக்கணக்கில் பச்சையாக இருக்கும்; சில நேரம் வேர்கூட விடும்; தளிர் வராது. இரண்டு கணு, ஒன்றிரண்டு இலை இருக்கும்படி கொடியை வெட்டுங்கள். அடிக் கணுவின் இலையை எடுத்துவிட்டு, அந்தக் கணு மட்டும் மூழ்கும்படி தண்ணீர்ப் பாட்டிலில் வையுங்கள். மூன்று நாளுக்கு ஒரு முறை தண்ணீரை மாற்ற வேண்டும். இரண்டு, மூன்று வாரத்தில் வேர் வரும். வேர் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் வந்ததும் கலவைக்கு மாற்றிவிடுங்கள். தண்ணீரிலேயே நீளமாக வளர்ந்த வேர், மண்ணுக்கு வந்ததும் திணறும். ஒரு தொட்டியில் மூன்று, நான்கு துண்டுகளைச் சேர்த்து நட்டால்தான் செடி அடர்த்தியாகத் தெரியும். ஒற்றைக் கொடி நின்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நடுவில் தேங்காய் நார் சுற்றிய கம்பு ஒன்றை நட்டு ஏற்றிவிட்டால் மேலே போகப் போக இலை பெரிதாகும்; அதற்கு விலையும் கொஞ்சம் கூடும்.

தவணை விஷயத்தில் ஒளிவு மறைவு இல்லாமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். இன்று காப்பாற்றிய செடி வேர் பிடித்து, புது இலை விட்டு, விற்கும் நிலைக்கு வர மூன்று மாதமாவது ஆகும். அடுத்த மாதத் தவணைக்கு இதை நம்ப வேண்டாம். இப்போதே குழுவில் நிலைமையைச் சொல்லி, முதல் தவணைகளுக்கு வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள். தேறாத செடியை அவசரத்துக்கு விற்றால், வாங்கியவர் வீட்டில் அது ஒரு வாரத்தில் சாகும். அடுத்த முறை அவர் வர மாட்டார்.

“எங்களுக்குப் பொள்ளாச்சி பக்கம் 30 வருடத் தென்னந்தோப்பு இருக்கிறது. மரத்துக்கு மரம் 25 அடி. இடையில் அரை ஏக்கரில் ‘சனாடு’ என்ற பிலோடென்ட்ரான் நடச் சொல்கிறார் ஒருவர். இது ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த புது ரகமாம். 5,000 செடிகள் தருவாராம். செடிக்கு 45 ரூபாய். கல்யாண மேடை அலங்காரத்துக்கு இலையை அவரே வாங்கிக்கொள்வாராம். முழுப் பணமும் முன்பே கட்ட வேண்டும் என்கிறார். துணிந்து இறங்கலாமா?”

- பொள்ளாச்சி பகுதி வாசகர்

மொத்தம் 2,25,000 ரூபாய். கட்டுவதற்கு முன், அவர் சொல்லும் எண்ணிக்கை உங்கள் நிலத்துக்குள் அடங்குமா என்று பாருங்கள்.

அரை ஏக்கர் என்பது 21,780 சதுர அடி. 25 அடி இடைவெளியில் அதில் 35 தென்னை இருக்கும். ஒவ்வொரு மரத்தையும் சுற்றி 6 அடி வட்டப்பாத்தியை விட்டுவிட வேண்டும். வேர் அங்கேதான் இருக்கிறது; உரமும் தண்ணீரும் அங்கேதான். ஒரு பாத்தி சுமார் 113 சதுர அடி. 35 பாத்திக்கு 3,955 சதுர அடி போனால், மிச்சம் 17,825. செடிக்குச் செடி 2 அடி விட்டு நட்டால் 4,456 செடிகள்தான் கொள்ளும். காய் பறிக்க, மட்டை இழுக்க, நடந்து போக வழி விட்டால் 4,000-க்கும் கீழே வரும். 5,000 செடி எங்கே நடுவது? நிலத்தைப் பார்க்காமல் கணக்குப் போடுகிறவர் செடி விற்க வந்தவர். இலை வாங்க வந்தவர் இல்லை.

சனாடு நல்ல செடிதான். பொய்யில்லை. கொடியாக ஓடாமல், தூராக இரண்டு, மூன்று அடி உயரம் நிற்கும். விரல் விரலாகப் பிரிந்த அதன் இலை, அலங்காரத்துக்குப் பயன்படுகிறது. 25 வயதைத் தாண்டிய தென்னந்தோப்பில் கீழே இறங்கும் வெளிச்சம் இதற்குப் பொருந்தும். எட்டில் இருந்து 25 வயது வரையுள்ள தோப்பு என்றால் நிழல் அதிகமாகிவிடும். ஆனால், ‘புது ரகம்’ என்பது சரியில்லை. பிரேசிலைச் சேர்ந்த இந்தச் செடி, 1980-களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் இருந்து வியாபாரத்துக்குப் பரவியது. 2002-ல் இதற்குத் தனி இனப் பெயரே கொடுத்துவிட்டார்கள். 2018-ல் பிலோடென்ட்ரான் என்ற பேரினத்தில் இருந்தே பிரித்து, தாமட்டோஃபில்லம் என்ற பேரினத்துக்கு மாற்றியாகிவிட்டது. நர்சரிக்காரர்கள் பழைய பெயரை விடவில்லை.

தோப்பில் வேறு ஒரு சிக்கலும் உண்டு. விழுகிற மட்டையும் நெற்றும் செடியின் மேல்தான் விழும். அடிபட்ட இலையை அலங்காரக்காரர் வாங்க மாட்டார். சொட்டுநீர்ப் பாசனம் இல்லாமல், வாய்க்கால் தண்ணீர் பாய்ச்சினால் தூரில் ஈரம் நின்று அழுகல் வரும். இலையில் தண்ணீர் தெளித்து நனைப்பதும் பாக்டீரியா இலைக்கருகலை அழைத்து வரும். இதையெல்லாம் அந்த நபர் சொன்னாரா?

முன்பணம் வாங்கிக்கொண்டு, ‘திரும்ப நாங்களே வாங்குகிறோம்’ என்ற பேச்சைக் கொங்கு மண்டலத்துக்குப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. 2012-ல் ஈமு கோழி விஷயத்தில் எத்தனை குடும்பங்கள் தெருவுக்கு வந்தன என்பதைப் பெருந்துறை பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆசை இருந்தால் இப்படிச் செய்யலாம். கோயம்புத்தூரில் மேடை அலங்காரம் செய்பவர்கள் நான்கைந்து பேரை நேரில் பாருங்கள். எந்த இலை வாங்குகிறார்கள், கட்டுக்கு எத்தனை இலை, என்ன விலை, எங்கே இருந்து வருகிறது என்று கேளுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இருக்காது. அந்த மாதங்களில் இலையை யார் வாங்குவார் என்பதையும் கேளுங்கள். செடி அப்போதும் இலை விட்டுக்கொண்டுதான் இருக்கும். பதில் திருப்தியாக இருந்தால், ஒரு சென்ட் இடத்தில், 100 செடி வைத்துப் பாருங்கள். ஒரு சென்ட் என்பது 435 சதுர அடி. 2 அடி இடைவெளியில் 100 செடிகள் தாராளமாக அடங்கும். செலவு 4,500 ரூபாயோடு நிற்கும். தூர் கட்டிய பிறகு, பக்கக் கன்றுகளை வேரோடு பிரித்து நட்டு நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். திசு வளர்ப்புக் கன்றாகத் தந்தால், நிழல்வலையில் பழக்கிய கன்றுதானா என்று பார்த்து வாங்குங்கள். பழக்காத கன்று தோப்புக்கு வந்த வாரத்திலேயே சுருண்டுவிடும்.

அந்த நபர் உண்மையிலேயே இலை வாங்குகிறவராக இருந்தால், 100 செடி விவசாயியிடமும் வாங்குவார். எழுத்து ஒப்பந்தமும் போடுவார். இரண்டுக்கும் மறுத்தால், உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. சந்தேகம் இருந்தால் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். உழவர் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணிலும் பேசலாம்.

“வீட்டுத் திண்ணையில் இருந்த பிலோடென்ட்ரான் இலையை ஒன்றரை வயதுப் பேரன் கடித்துவிட்டான். வாயெல்லாம் எச்சில் வடிய அழுதான். பால் கொடுத்ததும் ஒரு மணி நேரத்தில் சரியானான். வெட்டிப் போட்ட கொடியை ஆட்டுக்குட்டியும் மென்றிருக்கிறது. இது விஷச் செடியா? வீட்டில் வைக்கக் கூடாதா?”

- நாமக்கல் மாவட்ட வாசகி

சேப்பங்கிழங்கு இலை பட்டால் அரிக்கும். காறாக்கருணையைச் சரியாக வேகவைக்காமல் தின்றால் நாக்கும் தொண்டையும் நமநமக்கும். பிலோடென்ட்ரானும் அதே குடும்பத்துச் செடிதான். கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு, கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாக இலையிலும் தண்டிலும் இருக்கிறது. கடித்ததும் அந்த ஊசிகள் வாயிலும் நாக்கிலும் குத்தும். கிழங்கைப் புளி போட்டு வேகவைத்து அடக்குகிறோம். பச்சை இலையைக் கடிக்கும் குழந்தைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

நீங்கள் பால் கொடுத்தது சரி. வாயில் இருக்கும் இலைத் துணுக்கை விரலால் எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, குளிர்ந்த பாலோ தண்ணீரோ கொடுக்க வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வெளியே வரும்போது தொண்டையை மறுபடியும் குத்தும். உதடு, நாக்கு வீங்கினாலோ, விழுங்க முடியாமல் போனாலோ, மூச்சு இழுத்தாலோ கை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். இலையில் ஒரு துண்டை எடுத்துச் சென்றால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும். சாறு கண்ணில் பட்டால் 15 நிமிடம் சுத்தமான தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

செடியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. குழந்தை வளரும் வரை, எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள்; கொடி கீழே தொங்காமல் அவ்வப்போது வெட்டுங்கள். வெட்டும்போது கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால், சேனை அரியும்போது போலவே, அரிப்பு குறையும். வெட்டிய கொடியை ஆடு, மாடு வாய் வைக்கும் இடத்தில் போடக் கூடாது. குட்டி நுரை தள்ளாமல், தீனி எடுத்து, அசை போட்டால் கவலை இல்லை. தீனி எடுக்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெட்டிய கொடியை ஓடைக்கரையிலும் வேலி ஓரத்திலும் வீசுவதும் தவறு. கணு இருந்தால் எங்கும் பிழைத்துக்கொள்ளும். இதன் உறவான மணி பிளான்ட், இலங்கையில் கண்டி நகரை ஒட்டிய உடவத்த கெலே காட்டில் தரையையும் மரங்களையும் மூடிப் பரவி, அங்குள்ள இயல்பான செடிகளை எழவிடாமல் செய்துகொண்டிருக்கிறது. வெயிலில் நன்றாகக் காயவைத்து, பிறகு மட்குக் குழியில் போடுங்கள்.

“எங்கள் வீட்டில் இருப்பது மணி பிளான்ட்டா, பிலோடென்ட்ரானா என்று வீட்டுக்குள் பெரிய சண்டை. எப்படிக் கண்டுபிடிப்பது?”

- தஞ்சாவூர் மாவட்ட வாசகர்

புது இலை வரும் இடத்தைப் பாருங்கள். பிலோடென்ட்ரானில் தளிர் ஒரு மெல்லிய உறைக்குள் இருந்து வரும். இலை விரிந்ததும் அந்த உறை காய்ந்து உதிரும். மணி பிளான்ட்டில் அப்படி உறை இருக்காது. பழைய இலையின் காம்பில் இருந்தே புது இலை சுருள் பிரியும். காம்பைத் தடவினால் மணி பிளான்ட்டில் ஒரு வாய்க்கால் போல் பள்ளம் இருக்கும். இதய இலைப் பிலோடென்ட்ரானின் காம்பு உருண்டையாக, வழவழப்பாக இருக்கும். இலையும் மெல்லிசு. வளர்ப்பு முறை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். சண்டையில் யார் ஜெயித்தாலும், குழந்தை கடித்தால் அரிக்கும் என்பதும் இரண்டுக்கும் பொது.

“ஏற்காட்டில் எங்கள் தோட்டத்தில் 15 வருடங்களாக இருக்கும் பெரிய பிலோடென்ட்ரான், பாளை போல ஒரு பூ விட்டிருக்கிறது. மாலையில் தொட்டுப் பார்த்தால் சுடுகிறது. செடிக்கு ஏதும் நோயா?”

- ஏற்காடு வாசகர்

நோய் இல்லை. ‘செல்லோவம்’ என்று நர்சரிகளில் விற்கும் இந்த வகையின் இயல்பு அது. பூக்கும் நாளின் மாலையில், பாளைக்குள் இருக்கும் தண்டு தன்னிடம் உள்ள கொழுப்பை எரித்துச் சூடேறும். வெளியில் குளிர் இருந்தாலும் பூவின் சூடு 40 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் வாசனை கிளம்பி, பிரேசில் காட்டில் வண்டுகளைக் கூப்பிடும். வண்டுகள் ராத்திரி முழுவதும் உள்ளே தங்கி, மகரந்தத்தோடு அடுத்த பூவுக்குப் போகும். இரண்டு நாளில் சூடு அடங்கிவிடும். பூ வாடிய பிறகு காம்போடு வெட்டிவிடலாம். வெட்டுமுன் கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், பாளையின் பாலும் அரிக்கும்.